ஹோக் குகைக்கு வந்த அப்கர்

நேயர்களுக்கு வணக்கம்.

அரமேயம் என்றதும் இயேசு பேசிய மொழி என்பதுதான் நமக்கு நினைவுக்கு வரும். அதே மொழியில் வழிப்போக்கர்களும் கப்பலில் போனவர்களும் கிறுக்கி வைத்தவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அரசர்கள் செதுக்கிய கல்வெட்டுகளைவிட எனக்கு இவற்றின்மேல்தான் ஆசை.

எகிப்தின் சினாய்ப் பகுதியில் வாடி முகத்தப் என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே பாறைக்குப் பாறை நபதேயர்களின், அதாவது இன்றைய ஜோர்டானின் பெட்ரா நகரைக் கட்டிய பழைய அரபு மக்களின், அரமேய எழுத்து. பெரும்பாலானவை கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 'இன்னார் மகன் இன்னார், நலமாக இருக்கட்டும்' என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே ஒட்டகம், காட்டாடு என்று படங்கள். 6-ஆம் நூற்றாண்டு வணிகர் காஸ்மாஸ், இவை மோசேயுடன் வந்த இஸ்ரவேலர் எழுதியவை என்றே நம்பினார். 1840 வாக்கில் எழுத்தைப் படிக்க முடிந்தபோது கிடைத்தவை பெரும்பாலும் பெயர்களும் வாழ்த்துகளும்தான்.

சரி, இதைவிட விரிவாகப் பேசும் ஒருவர் இருக்கிறார். ஏமனுக்குச் சொந்தமான சொகோத்ரா தீவின் ஹோக் குகையில், 2001-ஐ ஒட்டிப் பெல்ஜியக் குகை ஆய்வாளர்கள் ஒரு மரப்பலகையைக் கண்டார்கள். சிரியாவின் பல்மைரா நகரத்து அரமேய எழுத்து. எழுதியவர் பெயர் அப்கர். நாள், மாதம், ஆண்டு எல்லாம் குறித்திருக்கிறார்: நம் கணக்கில் கி.பி. 258, ஜூலை. குகைத் தெய்வத்தை வேண்டியதோடு நிற்காமல், படிப்பவரிடமும் பேசுகிறார்: எங்களை வாழ்த்துங்கள், பலகையை இங்கேயே விட்டுவிடுங்கள். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அப்போதே இருந்திருக்கிறது!

அதே குகையில் அதிகம் எழுதியிருப்பவர்கள் இந்தியர்கள். பிராமி எழுத்தில் இருநூறுக்கு நெருக்கமாக. குஜராத் கரையின் பரூச் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் ஊர்ப் பெயரையும் போட்டிருக்கிறார்கள். சிலர் கப்பலே வரைந்திருக்கிறார்கள். கோட்டைச் சுவரில் பெயர் எழுதும் நம் ஆட்களைத் திட்டும்போது இவர்கள் ஞாபகம் வந்து வாயை அடைத்துவிடுகிறது. இவர்கள் எழுதியதோ வெளிச்சம் எட்டாத உட்பகுதியில், கையில் பந்தத்தோடு.

அப்கர் குறித்த மாதத்தைக் கவனியுங்கள். ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று சொகோத்ராவைச் சுழற்றி அடிக்கும்; கப்பல் எடுப்பது பெரும்பாடு. காற்று தணியும்வரை கரையில் மாட்டிக்கொண்ட கூட்டத்தில் அவரும் ஒருவராக இருந்திருப்பார் என்பது என் ஊகம். சும்மா கிடக்கும் நாட்களில்தானே பந்தம் கொளுத்திக்கொண்டு குகை பார்க்கப் போவார்கள்?