நின்றிருந்த காரை இடித்துவிட்டு "பாதிப் பாதி" என்கிறார்கள்: ஒத்துக்கொள்ளலாமா?

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்விதான். இதே மாதிரிக் கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் நிறைய பேரிடமிருந்து வருகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். கார் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்து, பாதி வெளியே வந்து, திரும்பிக்கொண்டிருக்கும்போது எதிர் வரிசையிலிருந்து இன்னொரு காரும் ரிவர்ஸில் வருவதைப் பார்த்திருக்கிறார். உடனே பிரேக் போட்டு நின்று, ஹாரன் அடித்திருக்கிறார். அந்தக் கார் நிற்காமல் வந்து, இவருடைய இடது பின்சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் இடித்துவிட்டது. சக்கரத்து ரிம்மிலும் ஒரு கீறல். இறங்கி வந்தவர் "சாரி, கவனிக்கவில்லை" என்றாராம். அன்று சாயங்காலம் "சரி பண்ண எவ்வளவு ஆகும்?" என்று மெசேஜும் அனுப்பியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து, தன்னுடைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் "இரண்டு பேருமே ரிவர்ஸில் வந்தோம், மோதிக்கொண்டோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது இவருடைய கம்பெனியே "தவறு ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொள்ளலாம், சின்னச் சேதம்தானே" என்கிறது. விட்டுவிடலாமா, போராடலாமா, அவருக்கே போன் பண்ணிப் பேசலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, விட்டுவிடாதீர்கள். ஆனால் கம்பெனிக்குப் பதில் எழுதும் முன்னால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இடிபடுவதற்கு முன் எவ்வளவு நேரம் நின்றிருந்தீர்கள்? ஹாரன் அடிக்க நேரம் இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் இரண்டு மூன்று வினாடியாவது இருக்கும், அது நல்ல வலுவான நிலை. பிரேக்கில் கால் வைத்த அதே கணத்தில் இடி விழுந்திருந்தால், இரண்டு பேருமே பின்னால் பார்க்காமல் வந்ததாகத்தான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அப்போது பாதிப் பாதி என்பது அநியாயமும் இல்லை. நினைவில் இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள். இரண்டு வினாடியைப் பத்து வினாடி ஆக்கினால், பிறகு ஒரு வீடியோ கிடைக்கும்போது உங்கள் மற்ற வார்த்தைகளுக்கும் மதிப்புப் போய்விடும்.

கம்பெனி ஏன் இப்படிப் பேசுகிறது என்று புரிந்தால் கோபம் பாதி குறையும். நான் சேத மதிப்பீட்டு வேலையில் பல வருடம் இருந்தவன். உங்கள் க்ளெயிமைப் பார்ப்பவர் அந்தப் பார்க்கிங்கைப் பார்த்ததில்லை. அவர் மேசையில் இருப்பது இரண்டு தாள்கள். ஒன்றில் "நான் நின்றிருந்தேன்", இன்னொன்றில் "இரண்டு பேரும் வந்தோம்". சாட்சி இல்லை, படம் இல்லை. ரிப்பேர் செலவோ கொஞ்சம். இதற்காக எதிர்க் கம்பெனியோடு மாதக்கணக்கில் கடிதம் எழுதினால் செலவு அதைவிடக் கூடும். அதனால் நடுவில் கோடு போட்டுவிடுவார். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று அவர் முடிவு செய்யவில்லை. உங்கள் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க அவர் கையில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அந்த ஒன்றைக் கொடுக்க வேண்டியது நம் வேலை.

"சின்னச் சேதம்தானே" என்பதையும் நம்பாதீர்கள். ரிப்பேர் முடிந்ததும் தகடு பளபளவென்று ஆகிவிடும், பதிவில் விழுந்த தவறு அப்படிப் போகாது. பெரும்பாலான கம்பெனிகள், எதிர்த்தரப்பிடமிருந்து முழுப் பணமும் திரும்பி வந்தால்தான் அதைத் தவறில்லாத விபத்தாகக் கணக்கில் வைக்கும். பாதி மட்டும் வந்தால் உங்கள் பேரிலும் தவறு என்றுதான் எழுதப்படும். அது க்ளெயிம் இல்லாத வருடங்களுக்காகக் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெயிம் போனஸைத் தொடும், அடுத்த வருடங்களின் பிரீமியத்தைத் தொடும். ஒவ்வொரு க்ளெயிமிலும் நாம் கையிலிருந்து கட்டும் முதல் தொகை இருக்கிறதே, அதிலும் பாதிதான் திரும்பும்.

சரி, ஆதாரத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

முதலில் அந்தக் காரை ரிப்பேருக்கு விடாதீர்கள். சர்வேயர், அதாவது சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் ஆள், பார்த்து முடிக்கும்வரை கழுவிப் பாலிஷ் போடக்கூட வேண்டாம். காரின் பக்கத்தில் குனிந்து உட்காருங்கள். ஒரு டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாத பள்ளமும் கோடுகளும், சாய்ந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். இப்போது பாருங்கள்: பள்ளம் ஒரே இடத்தில் குத்தினாற்போல் இருக்கிறதா, அல்லது காரின் நீளவாக்கில் கீறல் இழுத்துக்கொண்டு போகிறதா? உங்கள் கார் நகர்ந்துகொண்டிருந்தால், அவருடைய பம்பர் பட்ட இடத்திலிருந்து தகடு நழுவிப் போயிருக்கும், பெயின்ட் நீளமாக உரிந்திருக்கும். நின்ற காரில் பக்கத்திலிருந்து இடித்தால் பெரும்பாலும் ஒரு குத்துப் பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் பெயின்ட் ஒட்டல், அதோடு சரி. அவர் சாய்வாக வந்திருந்தால் நின்ற காரிலும் சிறிய இழுப்பு இருக்கும். ஆகவே இதை மட்டும் வைத்து வாதாட முடியாது. ஆனால் மற்றவற்றோடு சேரும்போது எடை கூடும்.

ரிம்மில் கீறல் என்று எழுதியிருந்தீர்களே, அதை விடாதீர்கள். சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்தில் ஏதாவது உரசினால் கோடு வளைந்து விழும், ரிம்மின் வட்டத்தை ஒட்டிக்கூட ஓடும். நின்றுபோன சக்கரத்தில் விழும் கீறல் நேராக இருக்கும், அல்லது ஓர் இடத்தில் சில்லுப் பெயர்ந்த மாதிரி இருக்கும். உங்களுடையது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நேர்க்கோடு என்றால் கிட்டத்தில் தெளிவாகப் படம் எடுத்து, "சக்கரம் சுழலாதபோது விழுந்த கீறல் இது, சர்வேயர் பார்த்துச் சொல்லட்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள். பள்ளத்தின் பக்கத்தில் தரையிலிருந்து ஓர் அளவுகோலை நிறுத்தியும் ஒரு படம். அந்த உயரமும் அவருடைய பம்பர் உயரமும் ஒத்துப்போனால் "இந்த டென்ட் பழசு" என்ற பேச்சே எழாது.

அடுத்தது கேமரா. பார்க்கிங் சிசிடிவி பதிவுகள் நிரந்தரமாக இருப்பவை இல்லை. இடம் நிறைந்ததும் பழையதன் மேல் புதியது தானாகப் பதிவாகிவிடும். சில இடங்களில் சில நாட்களிலேயே, பல இடங்களில் சில வாரங்களில். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு வாரம் போய்விட்டது. அதனால் நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த வீடியோவை நிறுத்திவிட்டுக்கூட இதைச் செய்யுங்கள்: பார்க்கிங்கை நடத்துபவர்களுக்குத் தேதி, நேரம், தளம், தூண் எண், இரண்டு வண்டி எண்களோடு எழுத்தில் ஒரு கோரிக்கை. "எனக்கு நகல் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் தனியாட்களுக்குத் தருவதில்லை என்று சொல்லிவிடலாம். "அழியாமல் எடுத்து வையுங்கள், என் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும்" என்று எழுதுங்கள். அதே கடிதத்தை உங்கள் கம்பெனிக்கும் அனுப்பி, அவர்களையும் முறைப்படி கேட்கச் சொல்லுங்கள். கேமராவின் கடிகாரம் சில நிமிடம் முன்பின்னாக ஓடலாம், ஆகவே அரைமணி நேரப் பதிவாகக் கேட்பது நல்லது.

டேஷ்கேம், அதாவது காருக்குள் பொருத்தி வைக்கும் கேமரா, இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, முன்பக்கம் மட்டும்தான் என்றால், "இடி பின்னால்தானே, அது எதற்கு" என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒருவர் என்னிடம் அப்படித்தான் சொன்னார், பதிவை அழிக்கவே போனார். போட்டுப் பார்த்தோம். திரையில் எதிரே ஒரு தூண், அவ்வளவுதான். தூண் மெல்ல விலகிக்கொண்டே போகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஹாரன் சத்தம். தூண் அசையவில்லை. இன்னொரு முறை ஹாரன். அப்போதும் அசையவில்லை. பிறகுதான் "டப்" என்று சத்தம், படம் குலுங்குகிறது. இடித்த கார் அந்த வீடியோவில் எங்கேயும் தெரியவில்லை. ஆனால் அவர் நின்றிருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பாதிப் பாதி என்றிருந்த அந்தக் கோப்பு அதோடு முடிந்தது. டேஷ்கேமும் பழையதன் மேல் எழுதும் சாதனம்தான். இடியின் அதிர்ச்சியில் சில மாடல்கள் அந்தத் துண்டைத் தனியாகப் பூட்டி வைக்கும், மெதுவான இடியில் அது நடக்காமலும் போகலாம். மெமரி கார்டைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள்.

சாட்சி என்று வந்தால், உங்களோடு காரில் வந்தவர்கள் சொல்வதைக் கம்பெனிகள் அவ்வளவாக மதிப்பதில்லை. அங்கே நின்றிருந்த காவலாளி, பக்கத்துக் காரில் ஏறிக்கொண்டிருந்தவர், இப்படி யாராவது இருந்தால் அவர்கள் சொல்லுக்குத்தான் எடை.

இப்போது கம்பெனிக்கு எழுதும் கடிதம். "மோதிக்கொண்டோம்" என்ற வார்த்தை உங்கள் கடிதத்தில் எங்கேயும் வரக்கூடாது. "நான் நிறுத்தியிருந்தேன், ஹாரன் அடித்தேன், அவர் ரிவர்ஸில் வந்து என் காரின் பக்கத்தில் இடித்தார்" என்று நடந்த வரிசையில் எழுதுங்கள். கையால் ஒரு படம் வரையுங்கள்: இரண்டு வரிசை, நடுவில் பாதை, உங்கள் கார் நின்ற கோணம், அவர் வந்த திசைக்கு ஓர் அம்பு. அழகாக இருக்க வேண்டியதில்லை. இடி உங்கள் பின்பம்பரில் இல்லை, பக்கத்தகட்டில் இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். நீங்கள் ரிவர்ஸில் போய் அவரை இடித்திருந்தால் உங்கள் பின்பம்பர்தான் முதலில் பட்டிருக்கும்.

பிறகு மூன்று விஷயம் கேளுங்கள். பாதிப் பாதி என்ற முடிவுக்கு எந்த ஆதாரத்தைப் பார்த்து வந்தீர்கள், எதிர்த்தரப்பு கொடுத்த வாக்குமூலத்திலும் படங்களிலும் என்ன இருக்கிறது, என் ஒப்புதல் இல்லாமல் முடிக்கப்போகிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாலிசியின் நிபந்தனைகளில் பெரும்பாலும், க்ளெயிமை எப்படி முடிப்பது என்ற உரிமையை நாம் கம்பெனிக்கே கொடுத்திருக்கிறோம். "நான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்வதாலேயே அவர்கள் கை கட்டப்படாது. ஆனால் கிடைக்கக்கூடிய ஆதாரத்தைத் தேடாமல் முடித்தார்கள் என்றால், அது முறையாக வேலை செய்யாத குறை, அதன் மேல் புகார் கொடுக்கலாம். முதலில் கம்பெனியின் புகார்ப் பிரிவு, பிறகு உங்கள் நாட்டில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருந்தால் அவர். பிரிட்டன் மாதிரி இடங்களில் கம்பெனி பதில் சொல்லப் பொதுவாக 8 வாரம் கொடுக்கிறார்கள், அதற்கும் மேலே போனால் நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவர் பெரும்பாலும் யார் இடித்தது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார், கம்பெனி ஒழுங்காக விசாரித்ததா என்றுதான் பார்ப்பார். அதனால்தான் சிசிடிவிக்கு எழுதிய கடிதத்தின் நகல் முக்கியம். நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் கேட்கவில்லை என்பதை அது தேதியோடு காட்டும்.

உங்கள் நாட்டில் எழுதப்பட்ட விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் கார் பார்க்கிங்குக்கென்றே தனி விதி இருக்கிறது: நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வருபவர், பாதையில் போகும் வண்டிக்கு வழிவிடாமல் இடித்தால் முழுத் தவறும் அவருடையது. உங்கள் விஷயத்தில் இரண்டு பேருமே வெளியே வந்தவர்கள் என்பதால் அது அப்படியே பொருந்தாது. இருந்தாலும் இப்படி எழுதப்பட்ட விதி உள்ள இடங்களில் அந்த விதியின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால், படிப்பவர் சும்மா தள்ளிவிட முடியாது.

கடைசியாக, அவருக்கு நேரடியாகப் போன் பண்ணலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கோபத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவருடைய கோப்பில் போய் உட்காரும். "சாரி" என்று அவர் சொன்னதையும் பெரிதாக நம்ப வேண்டாம், அதிர்ச்சியில் யாரும் சொல்வதுதான், தவறை ஒப்புக்கொண்டதாக அதை மட்டும் வைத்து எடுக்க மாட்டார்கள். ஆனால் அன்று சாயங்காலம் வந்த "சரி பண்ண எவ்வளவு ஆகும்?" என்ற மெசேஜ் வேறு. இரண்டு பேர் மேலும் தவறு என்று நினைப்பவர் தன் காரின் டென்டைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியிருப்பார் இல்லையா? அந்த மெசேஜை அழிக்காமல், நம்பரும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ரிம் படத்தோடு சேர்த்து இன்றே அனுப்புங்கள்.