டைவ் முந்தின நாள் ராத்திரியே தொடங்கிவிடுகிறது

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து, நாளைக்கு முதுகில் காற்று டேங்க் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவுக்காக ஈசிஆரில் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு பாண்டிச்சேரி வந்து இறங்கியவர்களை உட்காரவைத்து "இன்று ராத்திரி குடிக்காதீர்கள்" என்று பேசுவது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். வரும் வழியில் எத்தனை போர்டுகளைப் பார்த்து எச்சில் விழுங்கினீர்கள் என்பதும் தெரியும். அதனால் உபதேசம் இல்லை. என் கதை ஒன்றைச் சொல்கிறேன், நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது 38 வயது. அட்வான்ஸ்ட் கோர்ஸ் முடித்த மிதப்பில் இருந்தேன். முந்தின ராத்திரி பரோட்டா, சால்னா, மூன்று பீர், படுக்கும்போது மணி பன்னிரண்டரை. காலையில் தேங்காய்த்திட்டிலிருந்து போட். முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போட்டபோதே வயிறு ஒரு புரட்டு புரட்டியது, சமாளித்துக்கொண்டேன். எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு டீச்சர், ஐம்பதைத் தாண்டியவர், கொஞ்சம் பூசின உடம்பு. இவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். 16 மீட்டர் ஆழத்தில் 22 நிமிடம் ஆனபோது என் டேங்கில் மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் முள் 70 பாரில் நின்றது (பார் என்பது அழுத்தத்தின் அளவு). அவருடையது 120. நான் மேலே போக வேண்டும், ஜோடி என்பதால் அவரும் வந்தாக வேண்டும். போட்டில் ஏறியதும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தன் பாட்டிலைத் திறந்து "தண்ணி குடிங்க தம்பி" என்று நீட்டினார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

இப்போது கணக்கு. நாம் கட்டிக்கொள்ளும் அலுமினிய டேங்கின் கொள்ளளவு 11 லிட்டர். 200 பாருக்கு நிரப்பினால் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஒரு பார் கூடும், ஆக 16 மீட்டரில் 2.6 பார், தரையில் இழுக்கும் அதே மூச்சுக்கு டேங்கிலிருந்து 2.6 மடங்கு காற்று போகும். நான் தீர்த்தது 130 பார், அதாவது 1,430 லிட்டர். 22 நிமிடத்தால் வகுத்து, 2.6ஆலும் வகுத்தால் நிமிடத்துக்கு 25 லிட்டர் வருகிறது. டீச்சருக்கு அதே கணக்கைப் போட்டால் 15. நான் ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தவன், அவர் போகாதவர். அப்புறம் எப்படி?

மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, கரியமில வாயு சேருவதால் வருகிறது. பழக்கமில்லாத தசை, சரியாகத் தூங்காத உடம்பு, பதறுகிற கை கால் எல்லாம் சேர்ந்து அதை நிறைய உண்டாக்கும். தரையில் என்றால் வாயைத் திறந்து நாலு தடவை இரைத்தால் வெளியே போய்விடும். கீழே அப்படியில்லை, 30 மீட்டரில் காற்றின் அடர்த்தி நான்கு மடங்கு, வேகமாக இழுக்க இழுக்க இழுப்பதே ஒரு வேலையாகிவிடும். இரைப்பு பயமாகும், பயம் இன்னும் இரைப்பாகும். அனுபவமுள்ளவர்கள்கூட பதறி மேலே பாய்வதற்கு இந்தச் சுழலும் ஒரு காரணம்.

சரி, பீருக்கு வருவோம். மது சிறுநீரைக் கூட்டும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடலும் கூட்டும் என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீருக்குள் இறங்கியதும் கை கால்களில் இருக்கும் ரத்தத்தில் அரை லிட்டருக்கு மேல் நெஞ்சுப் பக்கம் ஏறுகிறது. இதயம் விரிகிறது, ரத்தம் அதிகமாகிவிட்டது என்று உடம்பு தப்பாகப் புரிந்துகொண்டு சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுகிறது. இறங்கிப் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் ஒன்றுக்கு வருவது இதனால்தான், வெட் சூட்டை, அதாவது உடம்போடு ஒட்டும் அந்த ரப்பர் உடையை, வாடகைக்கு எடுப்பவர்கள் மன்னிக்கவும். போதாததற்கு டேங்க் காற்றில் ஈரமே கிடையாது, மேலே போட்டில் வெயில். முதல் நாளே வற்றிப்போன உடம்பை இதற்குள் இறக்கினால் ரத்தம் ஓட வேண்டிய இடத்தில் சரியாக ஓடாது. கீழே அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜனை, மேலே வரும்போது நுரையீரலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அந்த ரத்தம்தானே. கொழுப்பில் நைட்ரஜன் தண்ணீரைப்போல ஐந்து மடங்கு கரையும், அதனால் தொப்பைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது வேறு. தலைவலி, அசதி, குமட்டல், உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருப்பது: இது ராத்திரி சரக்கின் மிச்சமா, கரைந்த நைட்ரஜன் உடம்புக்குள் குமிழியாகி வரும் பெண்ட்ஸ் நோயா? உங்களுக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. "படுத்துத் தூங்குடா, சரியாயிடும்" என்பார்கள். பெண்ட்ஸ் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே தலைகாட்டும், அந்த நேரத்தில் ஆக்சிஜன் கொடுத்து டாக்டரிடம் கொண்டு போக வேண்டியவரை நாம் போர்வை போர்த்தித் தூங்க வைத்துவிடுவோம். குடிக்காதவருக்குத் தலைவலி வந்தால் அது சரக்கால் வந்ததில்லை என்று தெரியும், உடனே விசாரிக்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் பெண்களுக்கு ஒரு வார்த்தை. போட்டில் பாத்ரூம் இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து வாயை நனைக்காமல் வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். குறை உங்களுடையது அல்ல, மறைப்புக்கு ஒரு துணிகூடக் கட்டாமல் போட் விடுகிறவர்களுடையது. கேளுங்கள், சண்டை போடுங்கள், தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம். வெறும் வயிற்றோடு வந்தால் அலையில் இன்னும் மோசமாகப் புரட்டும். நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் வேண்டாம், தலை கீழாக இறங்கும்போது வெட் சூட் வயிற்றை அழுத்தினால் அது தொண்டைக்கு வந்து நிற்கும். முதல் நாள் சுண்டலும் வேண்டாம், சிரிக்காதீர்கள், 18 மீட்டரில் குடலில் உண்டான வாயு மேலே வரும்போது இரண்டே முக்கால் மடங்கு பெருக்கும். வாந்தி வரும் ஆட்களுக்கு இஞ்சி மொரப்பா உதவும். மாத்திரை போடுபவர்கள் ஒருமுறை வீட்டில் போட்டுப் பார்த்து, தூக்கம் வருகிறதா என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

டீச்சரிடம் பின்னொரு நாள் கேட்டேன், என்ன செய்கிறீர்கள் என்று. காலையில் நாற்பது நிமிடம் வேக நடை, பள்ளிக்கூடத்தில் மூன்று மாடி படிக்கட்டு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்தில் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) மாட்டிக்கொண்டு அவசரமில்லாமல் முப்பது சுற்று. பெஞ்ச் பிரஸ் கிடையாது. ஃபின் அடி இடுப்பிலிருந்து வர வேண்டும், என்னைப்போல முழங்காலை மடக்கி சைக்கிள் மிதித்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் ஃபின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள், விடும். ஆனால் உண்மையான பரீட்சை டைவ் முடிந்த பிறகு, ஆடுகிற ஏணியில் இருபது கிலோவுக்கு மேல் முதுகில் வைத்துக்கொண்டு ஏறும்போதுதான். முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் டேங்கைத் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுங்கள், பையன்கள் தூக்கிக்கொள்வார்கள். அன்றைக்கு சாயங்காலம் ஜிம் வேண்டாம். வெயிட் தூக்கி மூச்சைப் பிடித்து முக்குவதை ஒரு நாள் தள்ளிவையுங்கள், உடம்பில் இன்னும் குமிழிகள் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, டைவுக்கு முன் உங்கள் உடல்நிலையைக் கேட்கும் அந்த மெடிக்கல் பாரம். எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று டிக் அடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு 45 தாண்டியிருக்கும், பிரஷர் மாத்திரை போடுகிறவர் ஒருவர்கூடவா இல்லை? டைவிங் சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு இதயத்தோடு சம்பந்தம் இருக்கிறது. நெஞ்சுக்கு ஏறும் அந்த அரை லிட்டர் ரத்தத்தை உங்கள் இதயம் தாங்குமா என்று கடலில் இறங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? பாரம் அங்கே மேசையில் இருக்கிறது, போகும்போது திருத்திவிட்டுப் போங்கள். டாக்டர் கையெழுத்து தேவைப்பட்டால் நாளைக்குக் கரையில் இருங்கள், அடுத்த மாதம் கூட்டிப்போகிறேன், பணம் கேட்க மாட்டேன்.

பின்வரிசையில் ஒருவர் கை தூக்கினார், நாளைக்கு டைவ் முடிந்த பிறகு ஒரு பீர் அடிக்கலாமா என்று. ஞாயிற்றுக்கிழமையும் போட் இருக்கிறது சார். ஞாயிறு மத்தியானம் கரைக்கு வந்து, ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்து, சோறு சாப்பிட்டு, சாயங்காலம் வரை உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் ஒன்று குடியுங்கள். வண்டி ஓட்டுபவர் நீங்கள் என்றால் அதுவும் கிடையாது.

காலை ஐந்தரைக்கு எல்லோரும் இங்கே இருக்க வேண்டும். இட்லி நான் வாங்கி வருகிறேன். வடை வாங்க மாட்டேன்.