பெஞ்சைத் தேய்த்தவரா ராபர்ட் ஸ்மால்ஸ்?

நடுவர் ஐயா, வணக்கம். அவையோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவுல அடிமையாப் பிறந்து சட்டமன்றம் வரைக்கும் போன ராபர்ட் ஸ்மால்ஸ் நிலைச்சு நிக்கிறது கப்பல்ல காட்டின துணிச்சலாலயா, சட்டமன்றத்துல செஞ்ச வேலையாலயா? சட்டமன்றத்தாலன்னு பேச வந்திருக்கேன். எதிரணித் தம்பி என்ன சொல்லிட்டு உட்கார்ந்தார்? "கப்பல் ஓட்டினவரை ஊர் நினைக்கும். சட்டமன்றத்துல பெஞ்சைத் தேய்ச்சு, லஞ்ச வழக்குல மாட்டினவரை யார் நினைப்பா?" நீங்களும் கைதட்டினீங்க. அதுக்கு வர்றேன் தம்பி. ஆனா அந்தக் கப்பலை ஒரு நிமிஷத்துல கரை சேர்த்துட்டீங்களே! அப்படியா ஓட்டுறது?

1862, மே 13. அமெரிக்காவுல தென் கரோலினா மாநிலம், சார்ல்ஸ்டன் துறைமுகம். விடியக்காலை மூணு மணி. அடிமைமுறையைக் காப்பாத்தப் பிரிஞ்சு போன தென் மாநிலங்களோட கப்பல், பேரு பிளான்டர். வெள்ளைக்கார அதிகாரிங்க கரையில தூங்கப் போயிட்டாங்க. சுக்கான் பிடிக்கிற ராபர்ட்டுக்கு 23 வயசு. அடிமை. சம்சாரம் ஹன்னாவும் அடிமை, பிள்ளைங்களும் அடிமை. சம்சாரத்தையும் மகளையும் விலை கொடுத்து மீட்க எஜமான் கேட்டது 800 டாலர். சேர்த்து வச்சிருந்தது 100. எந்த ஜென்மத்துல மீதி சேர்றது? கிளப்புடா கப்பலை!

வழியில அஞ்சு காவல் அரண். கேப்டனோட வைக்கோல் தொப்பியை எடுத்து ராபர்ட் தலையில வச்சுக்கிட்டார். கையைக் கட்டிக்கிட்டு, அவர் நிக்கிற மாதிரியே நின்னார். கடைசியில சம்டர் கோட்டை. பீரங்கி வாய் தெரியுது. சங்கேதமா நீராவி ஊதலை ஊதணும். ரெண்டு நீளம், ஒரு குட்டை. ஊதினார். பதில் வரணும்... வரல... வரல... "போகலாம்"னு குரல் வந்துச்சு!

இதையே ஹன்னா பக்கத்துல இருந்து பாருங்க தாய்மாரே. மேல புருஷன் அடுத்தவன் தொப்பியோட நிக்கிறார். இந்தம்மா மடியில கைக்குழந்தை. ஊதல் போயிடுச்சு, பதில் வரல. அந்த நேரம் பிள்ளை வீல்னு ஒரு தடவை அழுதா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? பிடிபட்டா கப்பலை மூழ்கடிச்சிடணும், அது முங்க நேரமானா எல்லாரும் கைகோத்துக் கடல்ல குதிச்சிடணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஏறியிருக்காங்க. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு எந்தக் கையைக் கோக்கிறது?

அதோட முடிஞ்சுதா? எதிர்ல, தென் மாநிலங்களோட போர் நடத்திக்கிட்டிருந்த லிங்கன் அரசோட போர்க்கப்பல். வர்றது எதிரின்னு அதுவும் சுடத் தயாராகுது! சட்டுனு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியா ஏத்தினாங்க. தப்பிச்சாங்க.

எத்தனை பேர்? 16 பேர். தென் கரோலினாவுல மட்டும் 1860 கணக்குப்படி அடிமைங்க நாலு லட்சத்துக்கும் மேல. மீதிப் பேரை எந்தக் கப்பல்ல ஏத்துவீங்க தம்பி?

பெஞ்சைத் தேய்ச்சாராம்! எந்த பெஞ்சு? 1868ல அவர் போய் உட்கார்ந்த கீழவை, அமெரிக்க மாநிலங்கள்லயே கறுப்பின உறுப்பினர்கள் பெரும்பான்மையா உட்கார்ந்த முதல் அவை. அடிமைக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தா குற்றம்னு 1740லயே சட்டம் போட்ட மண்ணு அது. ராபர்ட் எழுத்துக் கத்துக்கிட்டதே விடுதலையான பிறகு, வளர்ந்த ஆளா. அதே 1868ல மாநில அரசியலமைப்பை எழுத உட்கார்ந்தப்போ அவர் என்ன கேட்டார்? நிலம் கேட்டாரா, பட்டம் கேட்டாரா? எல்லாப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம், காசில்லாமன்னு கேட்டார். அந்த பெஞ்சு தேயட்டும் தம்பி, நல்லாத் தேயட்டும்!

லஞ்ச வழக்கு? 1877ல, கறுப்பர் கையிலிருந்து ஆட்சி பறிபோன உடனே போட்ட வழக்கு. தண்டிச்சாங்க, மூணு வருஷம்னாங்க. 1879ல ஆட்சியைப் பிடிச்ச எதிர்க்கட்சியோட ஆளுநரே மன்னிப்புக் கொடுத்தார், எதுக்காக? அவங்க ஆளுங்க மேல இருந்த தேர்தல் வழக்குகளைக் கைவிடறதுக்கு ஈடா! பேரம் பேசி விடறவங்க போட்ட வழக்கை வச்சு ஒரு மனுஷனை எடை போடலாமா?

மணி அடிச்சுட்டாங்க. ஒண்ணே ஒண்ணு ஐயா.

போஃபோர்ட் ஊர்ல பிரின்ஸ் தெருவுல ஒரு வீடு. மக்கீ எஜமானர் வீடு. அதோட கொல்லைக் குடிசையிலதான் 1839ல லிடியாங்கிற அடிமைத் தாய்க்கு ராபர்ட் பிறந்தார். போர்க்காலத்துல வரி பாக்கிக்கு ஏலம் வந்த அந்த வீட்டை ராபர்ட்டே வாங்கினார். கொல்லையில கிடந்த தாயைக் கூடத்துல உட்கார வச்சார்.

ஒரு நாள் வாசல்ல வயசான ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க. பழைய எஜமானி. நினைவு தப்பிப் போச்சு, இன்னும் தன் வீடுன்னே நினைச்சுக்கிட்டு உள்ள வர்றாங்க. இது அவர் குடும்பத்துல வழிவழியாச் சொல்ற சேதி. "இது உங்க வீடில்லம்மா"ன்னு அவர் சொல்லல. அவங்க முன்ன இருந்த அறைக்கே கூட்டிட்டுப் போய்த் தங்க வச்சார்.