மைக்கில் விழும் குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஏதாவது ஒரு காவல் நிலையத்துக்குள் போய்ப் பாருங்கள். வாசலில் பாரா காவலர் நிற்பார். உள்ளே ரைட்டர் மறுநாள் பந்தோபஸ்துக்கு ஆள் பிரித்துக்கொண்டிருப்பார். மேசைமேல் மைக் கரகரத்தபடி இருக்கும். வயர்லெஸ் கருவியைத்தான் நாங்கள் மைக் என்போம். திடீரென்று அதில் ஓர் உயர் அதிகாரியின் குரல்: "என்னய்யா ஸ்டேஷன் நடத்துறீங்க?"

திட்டு வாங்குபவர் ஒரே ஒரு இன்ஸ்பெக்டர். கேட்பவர்களோ அந்த அலைவரிசையில் இருக்கிற அத்தனை பேரும். ரோந்து வண்டி டிரைவர் வரைக்கும் கேட்கிறார். மறுநாள் காலை ரோல் காலில் அந்த இன்ஸ்பெக்டர் எந்த முகத்தோடு நிற்பார்? வாங்கியதை எஸ்.ஐ.யிடம் இறக்குவார். எஸ்.ஐ. ஏட்டையாவிடம், ஏட்டையா காவலரிடம். கடைசியில் ஹெல்மெட் போடாமல் பால் வாங்க வந்த ஒரு பையன் தலையில் வந்து விழும்.

நான் ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. கடைசிச் சில ஆண்டுகள் பயிற்சி வகுப்புகள் எடுத்தேன். காவல்துறை உயர் அதிகாரிகளுக்கான தலைமைப் பயிற்சி பற்றியும் மனஉறுதிப் பயிற்சி பற்றியும் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். மைக்கை விட்டுவிட்டு அதைப் பேச எனக்குத் தெரியாது.

பயிற்சிக்கு இங்கே பஞ்சமில்லை. ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு ஹைதராபாத்தில் சர்தார் வல்லபாய் படேல் அகாடமி இருக்கிறது. 1948-இல் மவுண்ட் ஆபுவில் தொடங்கி, 1975-இல் ஹைதராபாத்துக்கு வந்தது. வேலைக்குச் சேரும்போது ஒரு முறை படித்தால் போதாது என்று, பணியின் நடுவிலும் கட்டம் கட்டமாகத் திரும்ப அழைத்து வகுப்பு நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில் நம் காவலர் உயர் பயிற்சியகம். 2018-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையோடு சேர்ந்து 'காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி' வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், துறைக்குள் இருப்பவர்களையே பயிற்றுநர்களாகத் தயார் செய்தது. காக்கி போட்டவன் சொன்னால்தான் காக்கி போட்டவன் காது கொடுப்பான். குடும்பத்தாரையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், அதுவும் சரிதான்.

மீள்திறன் என்று இப்போது சுற்றறிக்கைகளில் ஒரு சொல் வருகிறது. அதைப் பலகையில் எழுதிப்போட்டு ஒரு நாள் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு ஏட்டையா எழுந்தார். "அடிச்சாலும் திரும்ப எழுந்து நிக்கிறது, அதானே ஐயா?" என்றார். ஆமாம் என்றேன். "சரிங்கய்யா, அடிக்கிறது யாருன்னும் அந்தக் கிளாஸ்ல சொல்லிக் கொடுப்பாங்களா?" வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. 2019-இல் காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனமும் 21 மாநிலங்களில் காவலர்களிடம் எடுத்த கணக்கில், சராசரி வேலை நேரம் ஒரு நாளைக்கு 14 மணி. இரண்டு பேரில் ஒருவருக்கு வார ஓய்வே கிடையாது. பதினாலு மணி நேரம் நின்றவனை உட்காரவைத்து மூச்சை இழு, மெதுவாக விடு என்றால் அவன் தூங்கிவிடுவான். தூங்கினால் நல்லதுதான், ஆனால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை. தமிழ்நாட்டில் 2021-இல் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார ஓய்வு என்று அரசாணையே வந்தது. ஆணை வந்தது பெரிய விஷயம். ஆனால் திருவிழாவும் வி.ஐ.பி. வருகையும் ஒரே வாரத்தில் வந்தால் அந்த ஓய்வு நிற்குமா, போகுமா என்பது இன்ஸ்பெக்டரும் எஸ்.பி.யும் ரோஸ்டரை எப்படிப் போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

அதனால் உயர் அதிகாரிகள் வகுப்பில் நான் ஒரு சின்ன வேலை செய்வேன். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "உங்கள் ஜீப் டிரைவர் கடைசியாக லீவு போட்டது எந்தத் தேதி? எதற்காக? எழுதுங்கள்" என்பேன். தினமும் பத்து மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து போகிற ஆள். பெரும்பாலும் தாள் வெள்ளையாகவே திரும்பி வரும். ஒருவர் மட்டும் "நாளை கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தார். யோக்கியமான மனிதர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி. அந்த உடல்களைத் தூக்கியவர்களில், பிரேத விசாரணைக்குப் பக்கத்தில் நின்றவர்களில் காவலர்களும் உண்டு. இப்படிப்பட்ட சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்காரவைத்து ஒரே தடவையில் மனசைக் கொட்டச் சொல்லும் வழக்கம் உலகம் முழுக்க ஒரு காலத்தில் இருந்தது. பிற்பாடு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அந்த ஒற்றை அமர்வு பின்னால் வரும் மனநோயைத் தடுப்பதில்லை என்று தெரிந்தது. அப்புறம் என்னதான் செய்வது? சாப்பாடு, தூக்கம், அதே இடத்துக்கு மறுநாளே அனுப்பாமல் வேறு டியூட்டி. ஒரு மாதம் கழித்து மறக்காமல் கூப்பிட்டு, "தூக்கம் வருதா? அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருதா?" என்று கேட்பது. வருகிறது என்றால் மருத்துவரிடம் அனுப்புவது. அப்படிப் போனவருடைய சர்வீஸ் கெடாமல் பார்த்துக்கொள்வதும் அதிகாரியின் வேலைதான்.

மேலே இருப்பவர்களும் கல் இல்லை. 2023 ஜூலையில் கோவையில் ஒரு டி.ஐ.ஜி.யையே இழந்தோம். காவலருக்குப் புலம்ப பக்கத்துக் கட்டில்காரர் இருப்பார். எஸ்.பி.க்கு பங்களாவும் நாலு போனும்தான். கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சொல்கிறேன்: 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் ராப்பகலாக இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. இன்ஸ்பெக்டராக இருந்தபோது ஒரு கோயில் திருவிழா அன்று, காவல் பாயிண்டில் ஆள் இல்லை என்று ஓர் எஸ்.ஐ.யை மைக்கிலேயே கிழித்தேன். அவர், "சரிங்கய்யா" என்றார், அவ்வளவுதான். கூட்டத்தில் மயங்கி விழுந்த ஒரு பாட்டியை ஆட்டோவில் ஏற்றிவிடப் போயிருந்தார் என்று மறுநாள்தான் தெரிந்தது. அவரை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பரவால்லீங்கய்யா. ஆனா திட்டுனது மைக்ல, மன்னிப்பு மட்டும் ரூம்லங்களா?" என்றார்.

அன்று சாயங்கால ரோல் காலில் எல்லோர் முன்னாலும் மறுபடி கேட்டேன்.

வணக்கம்.