திமிலைதீவில் ஒரு ஓடுபாதை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் விமானத்துறை ஆள் இல்லை. முப்பது வருடம் புவியியல் படிப்பித்து ஓய்வெடுத்தவன். மட்டக்களப்பு விமான நிலையம் யாருக்காக என்று பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். எனக்குத் தெரிந்தது வரைபடமும் அளவுகோலும்தான் என்றேன். அது போதும் என்றார்கள், வந்துவிட்டேன்.

வரைபடத்தில் இருந்தே தொடங்குகிறேன். கிழக்கே எழுவான்கரையில் மீனும் சந்தையும் கந்தோர்களும். மேற்கே படுவான்கரையில் வயலும் மாடும் தயிரும். நடுவே வாவி. நகரத்தில் இருந்து மேற்கே வாவியைக் கடந்தவுடன் வரும் திமிலைதீவில்தான் எங்கள் ஓடுபாதை கிடக்கிறது. சைக்கிளில் போய்வரும் தூரம். கொழும்பில் இருப்பவர் நாட்டின் பெரிய விமான நிலையம் உள்ள கட்டுநாயக்காவுக்குப் போக முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள், விமானம் வந்தால்.

1958இல் திறந்த நிலையம் இது. அந்தக் காலத்தில் எயார் சிலோன் விமானம் இங்கே வந்து போனது. 1983இல் விமானப்படையின் கைக்குப் போனது. அதன் பிறகு எங்கள் தலைமுறைக்கு அந்தப் பக்கம் என்றால் ஹெலிகொப்டர் சத்தம்தான். வகுப்பு நடக்கும்போது சத்தம் கேட்டால் சோக்கட்டியை வைத்துவிட்டு, அது கடக்கும் வரை நிற்பேன். அது எந்தத் திசையால் வருகிறது, எங்கே போகிறது என்று பிள்ளைகள் பார்க்காமலே சொல்வார்கள். அந்தத் திசைப் பாடம் நான் படிப்பித்ததல்ல.

2016இல் ஓடுபாதையைப் புதுப்பித்து அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திறந்து வைத்தார். 2018இல் பொதுமக்கள் பறப்புகளுக்கு வழி விட்டார்கள். பிறகு 'சர்வதேச' என்ற சொல்லும் பெயரோடு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் டோஹா, துபாய், லண்டன் என்று கனவு காணத் தொடங்கிவிட்டார்கள். அங்கேதான் அளவுகோல் தேவைப்படுகிறது.

எங்கள் ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். கட்டுநாயக்காவில் 3,350 மீற்றர். தெற்கே மத்தலை விமான நிலையத்தில் 3,500. வளைகுடாவுக்குப் பறக்கும் எயார்பஸ் ஏ320 போன்ற ஜெட், ஆட்களும் எண்ணெயும் நிறைய ஏற்றிக்கொண்டு எழும்புவதற்கு இரண்டு கிலோமீற்றர் அளவுக்குக் கேட்கும். வெயில் ஏற ஏறக் காற்று இலேசாகும், இறக்கை தூக்கும் பலம் குறையும், ஓட்டம் இன்னும் நீளும். சித்திரை மாதத்து மத்தியானத்தில் மட்டக்களப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை மழையில் வேறு சிக்கல். ஈரத் தரையில் விமானத்தை நிறுத்தத் தூரம் கூடுதலாக வேண்டும். ஓடுபாதையை நீட்டலாமே என்று கேட்பீர்கள். நீட்டலாம். ஆனால் நாலு பக்கமும் வாவி, வயல், குடிமனை. யாருடைய வயல், எந்தக் குடிமனை என்று கேட்காமல் கோடு போட்டால் அது கடதாசியில் மட்டும்தான் நீளும். போதாததற்கு வாவியின் பறவைகள். கொக்கும் நீர்க்காகமும் எங்களுக்கு அழகு, விமானிக்கு அவை தலையிடி.

ஆகவே டோஹாவை இப்போதைக்கு விட்டுவிடுவோம். இதே ஓடுபாதைக்குப் பொருந்துகிற விமானம் இருக்கிறது. ஏடிஆர் 72 என்பார்கள். சுழல்விசிறி வைத்தது, எழுபது பேர் அளவில் ஏறலாம். அதிலும் சூட்டையும் மழையையும் பார்த்து எடையைக் கணக்குப்போட்டுத்தான் எழும்ப வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதுதான் வேலை செய்தது. அங்குள்ள பலாலி விமான நிலையத்தை 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்து, அடுத்த மாதமே அந்த வகை விமானத்தில் சென்னைச் சேவை தொடங்கினார்கள். கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. பெரிதாக எதையும் கட்டிவிட்டுக் காத்திருக்கவில்லை. சென்னைக்குப் போகிறவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள், அவர்களுக்கு அளவான விமானம் வந்தது.

மறுபக்கம் மத்தலை. 2013இல் திறந்தபோது எவ்வளவு ஆரவாரம்! 2015இல் அதன் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். நெல் அடுக்க எங்களுக்குப் படுவான்கரையிலேயே இடம் காணும். அதற்கென்று ஒரு விமான நிலையம் தேவையில்லை.

என்னைக் கேட்டால் மட்டக்களப்பின் முதல் வெளிநாட்டுச் சேவை சென்னைக்குக்கூட வேண்டாம், திருச்சிக்கு வரட்டும். நேர்கோட்டில் அளந்தால் சென்னை 600 கிலோமீற்றருக்குச் சற்று மேல். திருச்சி 470 அளவில், ஒரு மணித்தியாலத்துப் பறப்பு. எங்கள் பக்கத்தில் இருந்து வேளாங்கண்ணிக்குப் போகிறவர் எத்தனை பேர், நாகூருக்குப் போகிறவர் எத்தனை பேர்! வைத்தியத்துக்கும் கலியாண உடுப்புக்கும் போகிறவர்களை விடுங்கள். இன்று அவர்கள் என்ன செய்கிறார்கள்? மட்டக்களப்பில் இருந்து மேற்கே 300 கிலோமீற்றர் போய், கட்டுநாயக்காவில் ஏறி, வடக்கே திரும்பிப் பறக்கிறார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்.

பாசிக்குடாவையும் அறுகம்குடாவையும் சொல்லாமல் விட்டால் ஹொட்டேல்காரர் கோபிப்பார்கள். தென்மேல் பருவக்காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் கடல் அமைதி. உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சின்னமன் எயார் போன்ற கம்பனிகளின் சிறு விமானங்கள் இங்கே வந்து போயின. எட்டுப் பேர் ஏறும் செஸ்னா. வசதியுள்ள உல்லாசப் பயணிக்கு அது நல்லது. வந்தவரைப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைப்போம் என்ற பெயர் எங்களுக்கு உண்டு. ஆள் வந்து சேர்ந்தால்தானே பாய் விரிக்கலாம்.

ஆனால் இந்த மாவட்டத்தில் அதிகம் பறக்கிறவர் உல்லாசப் பயணி அல்ல. ஏறாவூர், வாழைச்சேனை, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று எந்த ஊரைத் தொட்டாலும் கட்டாரிலோ குவைத்திலோ சவூதியிலோ ஒருவர் இருப்பார். என் பழைய மாணவி ஒருத்தி குவைத்துக்குப் புறப்பட்ட இரவில் நானும் வாடகை வான் வண்டியில் கூடப் போனேன். தகப்பன், தாய், இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு மாமா. பொலன்னறுவை கடந்து ஹபரணைக்குக் கிட்ட ரோட்டில் யானை நின்றது. லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் இருந்தோம். சின்னவன் தாயின் மடியில் நித்திரை. அவள் அவன் தலையைத் தடவியபடி, "சேர், யானை இப்படியே நிண்டா நல்லம்" என்றாள். யானை போய்விட்டது. விடியக் கட்டுநாயக்காவில் இறக்கிவிட்டுத் திரும்ப எட்டு மணித்தியாலம்.

அவளை நேரே குவைத்துக்குக் கொண்டுபோக எங்கள் ஓடுபாதையால் முடியாது. கட்டுநாயக்கா வரைக்கும் முடியும், முக்கால் மணித்தியாலத்தில். ஆனால் எட்டுப் பேர் விமானத்தின் கட்டணம் அவளுக்குக் கட்டாது. திரும்பி வரும்போது கொண்டுவரும் கம்பளிப் போர்வையும் பால்மாவும் அடைத்த பெட்டியை அதில் ஏற்றவும் இடம் இல்லை. அவளுக்கும் அந்தப் பெட்டிக்கும் சேர்த்து இடமுள்ள ஒரு விமானம், பஸ்ஸைவிடக் கொஞ்சம் கூடின காசில், வாரத்தில் மூன்று நாள் கட்டுநாயக்காவுக்குப் போகட்டும். இந்த நிலையம் யாருக்காக என்ற கேள்விக்கு முதல் பதில் அதுதான். குடிவரவுக்கும் சுங்கத்துக்கும் கவுண்டர் போட்டு, தீயணைப்பு வண்டி நிறுத்தி, எண்ணெய் வைத்து, மறுகா யாரும் வராமல் வைத்துக்கொண்டிருப்பது செலவு. உள்ளூர்ச் சேவையில் ஆட்களைப் பழக்கிவிட்டால் திருச்சி விமானத்துக்கும் கூட்டம் சேரும்.

போன கிழமை இதையெல்லாம் எங்கள் வான்காரத் தம்பியிடம் சொன்னேன். அந்த இரவு வான் ஓட்டியதும் அவர்தான். பிழைப்பு போய்விடுமே என்று முகம் சுருங்கும் என்று நினைத்தேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். கட்டுநாயக்கா ஹயர் ஒன்றுக்கு ஒரு இரவும் ஒரு பகலும் போகிறது, நித்திரை இல்லை, டீசல் பாதியைத் தின்கிறது. திமிலைதீவில் ஆள் இறங்கினால் அதே நேரத்துக்குள் ஏறாவூருக்கு ஒன்று, களுவாஞ்சிக்குடிக்கு ஒன்று, பாசிக்குடாவுக்கு ஒன்று.

"அப்ப பாசிக்குடாவுக்கு வெள்ளைக்காரரிட்ட எவ்வளவு கேக்கலாம், சேர்?" என்றார்.