புக் செய்த மின்சார கார் இப்போது எங்கே நிற்கிறது? டெலிவரி நாளில் எதைப் பார்ப்பது?

[திரையில்: துறைமுகத்தை ஒட்டிய பெரிய யார்டு. வரிசையாகப் புதுக் கார்கள். எதிலும் நம்பர் பிளேட் இல்லை.]

மின்சார கார் ஒன்றை புக் செய்துவிட்டீர்கள். அன்றிலிருந்து செயலியைத் திறந்து திறந்து பார்க்கிறீர்கள். "தயாரிப்பில் உள்ளது" என்கிறது. சில வாரம் கழித்துப் பார்த்தாலும் அதே வரி. ஷோரூமுக்குப் போன் போட்டால், "வந்துகிட்டே இருக்கு" என்கிறார்கள்.

பெரும்பாலான நேரம் அந்த வண்டி நின்றுகொண்டிருக்கிறது. அசெம்பிளி வரிசையில் ஏறிய கார் முழு வண்டியாக இறங்க ஓரிரு நாள் போதும். அதற்குப் பிறகு லாரிக்காக நிற்கும், கப்பலுக்காக நிற்கும், கப்பலிலிருந்து இறங்கியதும் காகித வேலைக்காக நிற்கும், கடைசியில் ஷோரூம் யார்டில் தன் முறைக்காகவும் நிற்கும். டெலிவரி சமயத்தில் கிளம்பும் சின்னச் சின்னத் தொல்லைகளில் நிறைய இப்படி நின்றதால் வருபவை என்பது என் கணிப்பு. அதனால் இந்த வீடியோவில் வண்டியின் அம்சங்களைப் பற்றிப் பேசப்போவதில்லை. அது நின்ற காலத்தில் என்ன ஆகிறது, நீங்கள் காத்திருக்கும் காலத்தில் என்ன செய்யலாம், சாவி வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், இவ்வளவுதான்.

முதலில், ஏன் இவ்வளவு நாள்?

[திரையில்: மூன்று ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக: 2016, 2021, 2022]

சில சமயம் ஆலையால் ஆர்டருக்கு ஈடுகொடுக்க முடியாது. 2016 மார்ச் 31 அன்று டெஸ்லா தன் மாடல் 3 காரைக் காட்டியது. ஒரே வாரத்தில் 3,25,000 முன்பதிவு வந்ததாக அறிவித்தது. முதல் 30 வண்டிகள் கைமாறியது 2017 ஜூலை கடைசியில். அதுவும் சொந்த ஊழியர்களுக்கு! சில சமயம் ஒரு சின்னப் பாகம் போதும். 2021ல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது, மற்ற எல்லாம் பொருத்தி முடித்த வண்டிகள் ஒரு கன்ட்ரோல் யூனிட்டுக்காக மைதானங்களில் கிடந்தன. அபூர்வமாக, வண்டி வந்து சேராமலே போவதும் உண்டு. 2022 பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே தீப்பிடித்து, மார்ச் 1 அன்று ஏறத்தாழ 4,000 கார்களோடு அட்லாண்டிக்கில் மூழ்கியது. மாலுமிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள். கார் வாங்கக் காத்திருந்தவர்கள் மறுபடியும் வரிசைக்குப் போனார்கள்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். ஷோரூமில் கேட்டு வாங்க வேண்டிய முதல் விஷயம் வின் எண், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண். 17 இடங்கள் கொண்டது. எண்களோடு குழம்பக் கூடாது என்பதற்காக ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றையும் அதில் சேர்ப்பதில்லை. இந்த எண் ஒதுக்கப்பட்டுவிட்டால், "ஏதோ ஒரு கார்" என்பது போய் "இந்தக் கார்" என்று ஆகிவிடுகிறது. கோளாறுக்காக நிறுவனம் வண்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்பதையும் இதை வைத்துப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மாடல் ஆண்டு வேறு, தயாரான மாதம் வேறு. இந்த ஆண்டு மாடல் என்று சொல்லி விற்கும் வண்டி போன ஆண்டின் நடுவிலேயே ஆலையை விட்டு வந்திருக்கலாம். தயாரிப்புத் தேதியை வாயால் கேட்காமல், எழுத்தில் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள டிஓடி குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் டயர் பிறந்த வாரம் இருக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35வது வாரம். கார் அதற்குப் பிறகுதான் பிறந்திருக்கும்.

[திரையில்: காரின் குறுக்குவெட்டு வரைபடம். அடித்தளத்தில் பெரிய பேட்டரி, முன்பக்கம் ஒரு சின்னப் பெட்டி.]

இத்தனை நாள் நின்றால் பேட்டரி கெட்டுப்போகுமா? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பெரிய பேட்டரியைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். லித்தியம் அயன் செல்கள் பாதி சார்ஜில், அதிக வெப்பம் இல்லாத இடத்தில் இருந்தால் மாதக்கணக்கில் சாதுவாக இருக்கும். அவற்றுக்குப் பிடிக்காதவை இரண்டு: முழு சார்ஜோடு வெயிலில் வாரக்கணக்கில் நிற்பது, அடியோடு காலியாகிக் கிடப்பது. இங்கேதான் ஷோரூம்காரர்களின் நல்ல மனசு கொஞ்சம் இடிக்கும். வாடிக்கையாளர் சந்தோஷப்படட்டும் என்று 100 சதவீதம் ஏற்றி வைத்துவிடுவார்கள். டெலிவரி ஒரு வாரம் தள்ளிப்போனால் வண்டி அப்படியே நிற்கும். "முந்தின நாள் சாயங்காலம் ஏற்றினால் போதும், 80 சதவீதம் போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உண்மையில் தொல்லை கொடுப்பது அந்தச் சின்னப் பெட்டி. ஆமாம், பெட்ரோல் கார்களில் இருக்கும் அதே 12 வோல்ட் பேட்டரி பெரும்பாலான மின்சார கார்களிலும் இருக்கிறது. கதவுப் பூட்டு, திரை, கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அதைவிட முக்கியமாக, பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற கனமான ஸ்விட்சை மூடுவதற்கும் அந்த 12 வோல்ட்தான் வேண்டும். பத்தாயப் பெட்டி நிறைய நெல் இருந்தும் சாவி தொலைந்த கதைதான்: கீழே 60 கிலோவாட் மணி (மின் கட்டணக் கணக்கில் 60 யூனிட்) மின்சாரம் இருக்கும், வண்டியின் கதவுகூடத் திறக்காது. நிற்கும் காரில் அலாரமும் மோடமும் சொட்டுச் சொட்டாக இதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்கத்தான் பல நிறுவனங்கள் வண்டியை "டிரான்ஸ்போர்ட் மோடு" என்ற அரைத் தூக்கத்தில் போட்டு அனுப்புகின்றன. ஷோரூமில் அதை எடுத்துவிட வேண்டும். மறந்தால் வேகம் கட்டுப்படும், அல்லது செயலியோடு இணையாது. வாங்கியவர் வண்டியே பழுது என்று பயந்துவிடுவார்.

அப்புறம், காத்திருக்கும் காலத்தில் நீங்கள் செய்ய வேண்டியது. ஒரே வேலைதான், ஆனால் பெரிய வேலை: வீட்டு மின்சாரம்.

[திரையில்: கணக்கு மெதுவாக எழுதப்படுகிறது.]

60 கிலோவாட் மணி பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற்ற 36 கிலோவாட் மணி வேண்டும். 230 வோல்ட், 10 ஆம்பியர் சாதாரண பிளக் 2.3 கிலோவாட் தரும். அதாவது 16 மணி நேரம். 120 வோல்ட் உள்ள நாடுகளில் 12 ஆம்பியர் பிளக்கில் 25 மணி நேரம். 32 ஆம்பியர் ஒற்றை ஃபேஸ் சார்ஜர் வைத்தால் 7.4 கிலோவாட், 5 மணி நேரம். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக வீணாகும் என்பதால் எல்லாவற்றோடும் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள்.

இதைப் பார்த்ததும் 22 கிலோவாட் சார்ஜரே வாங்கிவிடலாம் என்று தோன்றும். பொறுங்கள். சுவரில் மாட்டும் பெட்டி மாறுதிசை மின்சாரத்தைக் கொடுக்கிறது, அதை நேர்மின்சாரமாக மாற்றுவது வண்டிக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அதன் திறன் 7.4 என்றால் சுவரில் எதை மாட்டினாலும் 7.4தான். வண்டியின் விவரக் குறிப்பில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஓடும்போதும் இணைப்பின் லோடு இதற்குத் தாங்குமா? எர்த் சரியாக இருக்கிறதா, அளந்து பார்த்தீர்களா? மூன்றாவது பலருக்குத் தெரியாதது: காரிலிருந்து நேர்மின்சாரம் கசிந்தால் சாதாரண கசிவுத் தடுப்பான் அதைக் கவனிக்காமல் போகலாம். அதனால் 6 மில்லிஆம்பியர் நேர்மின்கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி சார்ஜருக்குள் இருக்க வேண்டும், அல்லது டைப் பி தடுப்பான் தனியாக வேண்டும். இந்தக் கேள்விக்கு "அதெல்லாம் தேவையில்லை" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

வீட்டில் இடம் இல்லாதவர்கள் போகும் வழியில் உள்ள பொதுச் சார்ஜர்களை இப்போதே பார்த்துவைக்கலாம். உங்கள் வண்டியின் சாக்கெட் எந்த வகை என்று தெரிந்துகொண்டு தேடுங்கள். சிசிஎஸ் 1, சிசிஎஸ் 2, சாடெமோ, சீனாவின் ஜிபி/டி, டெஸ்லாவிலிருந்து வந்த நாக்ஸ் என்று உலகம் இன்னும் ஒரே பிளக்குக்கு வரவில்லை.

[திரையில்: பகல் வெளிச்சம். ஷோரூம் வாசலில் ஒரு கார். ரிப்பன் கட்டியிருக்கிறது.]

டெலிவரி நாள். முடிந்தால் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், கழுவி ஈரம் காயாத வண்டியைப் பார்க்காதீர்கள். தண்ணீர் எல்லாக் கீறலையும் மறைத்துவிடும். கேக் வெட்டுவது, போட்டோ, ரிப்பன் எல்லாம் இருக்கட்டும், கையெழுத்துக்கு முன்னால் வண்டியோடு அரை மணி நேரம் தனியாகக் கேளுங்கள். தர மறுக்கும் ஷோரூமைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

வின் எண் காகிதத்திலும் கண்ணாடிக்குக் கீழேயும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓடோமீட்டரையும் பாருங்கள். பத்து இருபது கிலோமீட்டர் ஓடியிருப்பது இயல்பு. நூற்றுக்கணக்கில் இருந்தால் அது டெமோ வண்டியா என்று நேராகக் கேளுங்கள். பேட்டரி வாரண்டி பல நிறுவனங்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். அந்தக் கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதைக் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். முன்பே பதிவான டெமோ வண்டி என்றால் அதில் சில மாதம் ஏற்கெனவே கரைந்திருக்கும்.

அடுத்து டயர் காற்று. நீண்ட நாள் ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையாகாமல் இருக்க, பயணத்துக்கு அனுப்பும்போது காற்றை அதிகமாக ஏற்றுவார்கள். டெலிவரிக்கு முன் குறைக்க வேண்டும். குறைக்காமல் விட்டால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும், நீங்கள் சஸ்பென்ஷனைத் திட்டுவீர்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பிரேக் தட்டில் மெல்லிய துரு தெரிந்தால் பயப்படாதீர்கள், அது நின்றதன் அடையாளம். நாலைந்து முறை நன்றாக பிரேக் பிடித்தால் போய்விடும். பள்ளம் விழுந்த கனமான துரு என்றால் மட்டும் பேசுங்கள்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது. சார்ஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்களோடு வீட்டுக்கு வரப்போகும் அதே கேபிளை வைத்து, உங்கள் கையாலேயே செருகுங்கள். திரையில் கிலோவாட் எண் வருகிறதா என்று பாருங்கள், நிறுத்துங்கள், கேபிளை வெளியே எடுங்கள். கேபிள் சிக்கிக்கொண்டால் கையால் விடுவிக்கும் வழி எங்கே இருக்கிறது? 12 வோல்ட் போய்விட்டால் கதவைத் திறப்பது எப்படி? ஸ்டெப்னி இருக்கிறதா? நிறைய மின்சார கார்களில் இருக்காது. அதற்குப் பதிலாகப் பஞ்சர் அடைக்கும் பசையும் பம்பும் தருவார்கள். பசை டப்பாவுக்குக் காலாவதித் தேதி உண்டு. வழியில் நின்றுபோனால் இழுத்துச் செல்லலாமா? மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடும் என்பதால், பல மாடல்களைத் தட்டை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

சாவிகளை எண்ணுங்கள். செயலியில் வண்டியை உங்கள் பேரில் இணைத்து, அங்கேயே நின்று கதவைப் பூட்டித் திறந்து பாருங்கள். ஷோரூமின் கணக்கு ஏதாவது வண்டிக்குள் மிச்சமிருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். மென்பொருள் பழசாக இருக்கலாம், யார்டில் நின்ற வண்டிக்கு அது சகஜம். புதுப்பிப்பை வீட்டில் நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.

[திரையில்: ஓட்டுநர் பார்வையில் சாலை. திரையில் சார்ஜ் 100 சதவீதம்.]

ஓட்டிக் கிளம்பும்போது ஒன்றை மனதில் வையுங்கள். பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் பிரேக்கிங், அதாவது மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைப்பது, பலவீனமாக இருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்ப வேண்டும், அங்கேயோ இடமில்லை. டெஸ்ட் டிரைவில் காலை எடுத்ததும் வண்டி நின்றதே, இப்போது ஏன் வழுக்கிக்கொண்டு போகிறது என்று குழம்பாமல் பிரேக் பெடலைப் பயன்படுத்துங்கள். சார்ஜ் இறங்க இறங்கப் பழைய உணர்வு வந்துவிடும். சில மாடல்களில் வித்தியாசமே தெரியாதபடி மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

திரையில் காட்டும் ரேஞ்ச் எண்ணை முதல் வாரம் நம்பவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். பல மாடல்களில் அது கடைசியாக ஓட்டியவரின் பழக்கத்தை வைத்துப் போட்ட கணக்கு. அந்த ஓட்டுநர் யார்டுக்குள் அங்குமிங்கும் நகர்த்தியவராகவும் இருக்கலாம்!

முதல் சார்ஜுக்கு முன் முழுக்கக் காலி செய்ய வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். இங்கே அதனால் நன்மை இல்லை, கெடுதல் உண்டு. உங்கள் பேட்டரி எந்த வேதியியல் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகைக்குத் தினசரி 80 சதவீதம் நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் சார்ஜ் குறைந்தாலும் வோல்டேஜ் அதிகம் மாறாது. அதனால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுவது மென்பொருளுக்குக் கஷ்டம். அவ்வப்போது 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகும், பல நிறுவனங்கள் அதையே சொல்கின்றன.

வீட்டில் முதல் சில இரவுகள், ஒரு மணி நேரம் ஏறிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அப்போதே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வேகச் சார்ஜரையும் முதல் வாரத்திலேயே ஒரு தடவை பயன்படுத்திப் பாருங்கள், அவசரம் இல்லாத நாளில், ஷோரூம் திறந்திருக்கும் நேரத்தில். அந்த சாக்கெட்டில் ஏதாவது கோளாறு இருந்தால், நெடும்பயணத்தின் நடுவில் தெரிவதைவிட அப்போது தெரிந்தால் நேராக அவர்களிடமே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தலாம்.