க்ரூஸர் பைக்குக்கு டைனோ டியூனிங்: உச்ச ஹார்ஸ்பவரை விடுங்கள், 2500 ஆர்பிஎம்மைப் பாருங்கள்

[திரையில்: டைனோ வரைபடம். டார்க் கோடு, ஹார்ஸ்பவர் கோடு]

வணக்கம். டைனோ என்பது பின் சக்கரத்தை டிரம்மில் ஓடவிட்டு இன்ஜினின் சக்தியை அளக்கும் இயந்திரம். அதில் வைத்து பெட்ரோல், தீப்பொறி அளவுகளைச் சரிசெய்வதுதான் டைனோ டியூன். அதைச் செய்துவிட்டு வருபவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஹார்ஸ்பவர் வந்தது?" என்பதுதான். ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் சரி. க்ரூஸருக்கு அந்தப் பதில் பெரிதாக உதவாது. ஏன் என்று சொல்கிறேன். அப்படியே, நீங்கள் கொடுக்கும் காசுக்கு டியூனர் உள்ளே என்ன செய்கிறார், என்ன செய்ய வேண்டும் என்பதையும் பார்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு ஹார்லி-டேவிட்சனின் மில்வாக்கி-எய்ட் 107 இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். 2016 ஆகஸ்டில் அறிவித்தார்கள், 2017 மாடல் டூரிங் பைக்குகளில் வந்தது. 107 என்பது கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 1750 சிசி. ரோட் கிங் மாடலில் இதன் உச்ச டார்க், அதாவது சுழற்று விசை, சுமார் 150 நியூட்டன் மீட்டர் என்று நிறுவனம் சொன்னது. அது வருவது 3250 ஆர்பிஎம்மில். அமெரிக்க நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் 70 மைல் வேகத்தில் போகும்போது இந்த இன்ஜின் 2500 ஆர்பிஎம்மை ஒட்டித்தான் சுழலும். ஒரு லாரியை முந்தினால் 3500 வரை ஏறும். ஹார்ஸ்பவரின் உச்சம் இருக்கும் 5000 பக்கம் இந்த வண்டி எப்போதாவதுதான் போகும்.

ஒரு சின்னக் கணக்கு. டார்க்கை பவுண்டு-அடியில் அளந்து, ஆர்பிஎம்மால் பெருக்கி, 5252-ஆல் வகுத்தால் ஹார்ஸ்பவர். 2500 ஆர்பிஎம்மில் 10 பவுண்டு-அடி டார்க் கூடினால் அது 5 ஹார்ஸ்பவருக்குச் சற்றே குறைவு. வரைபடத்தின் உச்சியில் அது தெரியவே தெரியாது. ஆனால் பின்னால் ஒருவரை உட்காரவைத்து, கியரைக் குறைக்காமல் ஒரு மேட்டில் ஏறும்போது வண்டி முழுக்கத் தெரியும். நீங்கள் காசு கொடுப்பது இதற்குத்தான்.

[திரையில்: ஏர் ஃபில்டர் மூடியும் சைலன்சரும் மாற்றிய வண்டி]

சரி, டியூன் ஏன் தேவைப்படுகிறது? வண்டி வாங்கியதும் பலர் முதலில் செய்வது காற்று தாராளமாகப் போகும் ஏர் ஃபில்டரும் புது சைலன்சரும். ஸ்டேஜ் ஒன் என்பார்கள். ஹார்லியின் இசிஎம்முக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கணினிக்கு, உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. இன்டேக் குழாயின் அழுத்தம், ஆர்பிஎம், காற்றின் வெப்பம், இவற்றோடு ஓர் அட்டவணையையும் சேர்த்துப் பார்த்து, "இந்நேரம் சிலிண்டருக்குள் இவ்வளவு காற்று போயிருக்கும்" என்று அது கணக்குப் போட்டுத்தான் பெட்ரோல் தெளிக்கிறது. அந்த அட்டவணைக்கு விஇ டேபிள் என்று பெயர். ஃபில்டரும் குழாயும் மாறினால் காற்றின் அளவு மாறிவிடும். அட்டவணை பழையதாகவே இருக்கும். கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது.

சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா? ஓரளவுக்கு. கம்பெனி பொருத்தும் சென்சார் நேரோபேண்டு வகை. கலவை 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்துக்கு மேலா, கீழா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எவ்வளவு மேல், எவ்வளவு கீழ் என்று தெரியாது. சீரான வேகத்தில் போகும்போது அது திருத்திக்கொண்டே வரும். த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) முழுக்கத் திறந்தால் இன்ஜினுக்கு 13-க்கு ஒன்று பக்கம் கலவை வேண்டும். அங்கே அந்த சென்சார் எதுவும் சொல்லாது. அந்த இடத்தில் அட்டவணை சொல்வதே முடிவு.

இனி இந்த இன்ஜினின் குணத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது.

[திரையில்: 45 டிகிரி வி-ட்வின், ஒரே கிராங்க் பின்]

இரண்டு சிலிண்டர்கள், நடுவில் 45 டிகிரி. இரண்டு கனெக்டிங் ராடும் ஒரே கிராங்க் பின்னில். அதனால் ஒரு சிலிண்டர் வெடித்து 315 டிகிரியில் அடுத்தது வெடிக்கும், அதற்கடுத்தது 405 டிகிரி கழித்து. ஹார்லியின் அந்த நொண்டித் தாளம் இங்கிருந்துதான் வருகிறது. இரண்டு சிலிண்டரும் ஒரே த்ராட்டில் பாடியிலிருந்துதான் மூச்சு வாங்குகின்றன. இடைவெளி சமமாக இல்லாததால் முன் சிலிண்டர் நிறைவது ஒரு மாதிரி, பின் சிலிண்டர் நிறைவது இன்னொரு மாதிரி. போதாக்குறைக்கு, பின் சிலிண்டருக்கு எதிர்க்காற்று குறைவு, சூடு அதிகம். அதனால்தான் இசிஎம்முக்குள் முன் சிலிண்டருக்கு ஒரு விஇ டேபிள், பின் சிலிண்டருக்கு ஒன்று. ஸ்பார்க் டைமிங்குக்கும், அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்துக்கும், அப்படியே தனித்தனி.

ஆகவே டியூனர் கலவையை எங்கே அளக்கிறார் என்று பாருங்கள். சிலர் சைலன்சரின் வால் வழியாக ஒரு செம்புக் குழாயை உள்ளே விட்டு, புகையை உறிஞ்சி அளப்பார்கள். இரண்டு குழாயும் ஒன்றாகச் சேரும் டூ-இன்டு-ஒன் எக்ஸாஸ்டில் இப்படி அளந்தால் கிடைப்பது இரண்டு சிலிண்டரின் சராசரி. முன்னது 12-லும் பின்னது 14-லும் ஓடிக்கொண்டிருக்கும். திரையில் 13 என்று அழகாகக் காட்டும். சூடான சிலிண்டர் லீனாக ஓடுவது யாருக்கும் தெரியாது. கம்பெனி சென்சார்களைக் கழற்றி, அதே துளைகளில் சிலிண்டருக்கு ஒன்றாக, விகிதத்தை எண்ணாகவே சொல்லும் வைட்பேண்டு சென்சார் பொருத்தி அளப்பவரிடம் வண்டியைக் கொடுங்கள். போனில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, எந்த மாதிரி டைனோ என்பது. முன் சக்கரத்தைக் கவ்வியில் மாட்டி, வண்டியை ராட்செட் பெல்ட்டால் இழுத்துக் கட்டுவார்கள். பின் டயர் ஒரு கனமான இரும்பு டிரம்மின் மேல் உட்காரும். வெறும் டிரம் மட்டும் உள்ள டைனோவில், டிரம் எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்பதை வைத்துத்தான் ஹார்ஸ்பவர் கணக்காகும். ஒரே இழுப்பு, சில விநாடிகளில் முடிந்துவிடும். முழு த்ராட்டிலை அளக்க அது போதும். ஆனால் 2500 ஆர்பிஎம்மில், கால்வாசி த்ராட்டிலில், இன்ஜினைப் பிடித்து நிறுத்திவைக்க அதனால் முடியாது. அதற்கு மின்காந்த பிரேக் உள்ள டைனோ வேண்டும். டைனோஜெட்டில் 250ஐ மாடல் அந்த வகை. "லோடு கன்ட்ரோல் இருக்கிறதா?" என்பது நீங்கள் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி.

[திரையில்: லேப்டாப்பில் விஇ டேபிள், ஒரு கட்டம் மட்டும் ஒளிர்கிறது]

பிரேக் ஆர்பிஎம்மை 2000-ல் பிடித்துக்கொள்ளும். டியூனர் த்ராட்டிலை 5 சதவீதம் திறந்து நிறுத்துவார். வைட்பேண்டு எண் நிலைக்கும் வரை காத்திருப்பார். அப்புறம் 10, 15, 20 என்று மேலே போவார். அந்த வரிசை முடிந்தால் 2250-க்குப் போவார். அட்டவணையில் ஒவ்வொரு கட்டமாக நிரம்பும். வேலை மெதுவாகத்தான் நகரும், சத்தமும் சூடும் தாங்காது. பெரிய மின்விசிறி வண்டியின் மூக்கில் காற்றை அடித்துக்கொண்டே இருக்கும், ஆனாலும் பெரும்பாலும் காற்றில் குளிரும் இன்ஜின் என்பதால் நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஆறவிடாமல் தொடர்ந்து அடித்தால் கொதிக்கும் இன்ஜினுக்கான கலவைதான் அட்டவணையில் ஏறும். ஒரு மணி நேரத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுப்பவர் இந்தக் கட்டங்களை நிரப்பியிருக்க வாய்ப்பில்லை. தயாராக இருக்கும் ஒரு மேப்பை (இந்த அட்டவணைகளின் தொகுப்பை) ஏற்றி, மூன்று முழு இழுப்பு எடுத்து, பிரிண்ட் கொடுத்திருப்பார்.

கலவை சரியான பிறகு ஸ்பார்க் டைமிங். அதே போலப் பிடித்துவைத்து, டைமிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளுவார். டார்க் ஏறும். ஓரிடத்தில் ஏறுவது நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு டிகிரி தள்ளினாலும் லாபம் கிடையாது, நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடிப்பது) அபாயம்தான் மிஞ்சும். நல்ல டியூனர் அந்த இடத்தில் நின்று, வெயில் நாளுக்காக இன்னும் கொஞ்சம் பின்வாங்குவார். தினமும் எந்த பெட்ரோல் போடுகிறீர்களோ அதையே டேங்கில் நிரப்பிக்கொண்டு போக வேண்டும் என்பது இதற்காகத்தான்.

டியூனால் முடியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். குட்டையான, தடுப்பே இல்லாத டிராக் பைப் மாட்டிவிட்டு வந்தால், 3000 ஆர்பிஎம்மை ஒட்டி டார்க் கோட்டில் ஒரு பள்ளம் விழும். குழாய்க்குள் திரும்பி வரும் அழுத்த அலைகளால் வரும் பள்ளம் அது. எந்த மேப்பாலும் அதை நிரப்ப முடியாது. வெளிக்காற்று பின்னோக்கிக் குழாய்க்குள் வருவதால், குறைந்த ஆர்பிஎம்மில் சென்சார் கலவையை லீன் என்றும் தவறாகக் காட்டும். க்ரூஸருக்கு மிகவும் தேவையான இடத்திலேயே ஓட்டை. சத்தத்துக்காக அதை மாட்டுகிறவர்களுக்கு என் ஆலோசனை, டியூனுக்குக் கொடுக்கும் காசை நல்ல டூ-இன்டு-ஒன் எக்ஸாஸ்டில் போடுங்கள், அதற்குப் பிறகு டைனோவுக்குப் போங்கள். வால்வுகளைத் திறக்கும் கேமை மாற்றுவதாக இருந்தால் அதையும் முன்பே முடித்துவிடுங்கள். பாகம் மாறினால் டியூனும் மாற வேண்டும்.

வரைபடத்தின் மூலையில் சிறிய எழுத்தில் எஸ்ஏஇ அல்லது எஸ்டிடி என்று இருக்கும். காற்றின் வெப்பம், அழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் முறைகள் இவை. எஸ்டிடி சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். எஸ்ஏஇ-யில் 80 என்றால் எஸ்டிடி-யில் 83. டியூனுக்கு முன் ஒரு முறையிலும் பின் இன்னொரு முறையிலும் அச்சடித்தால், ஒன்றும் செய்யாமலேயே 3 ஹார்ஸ்பவர் கிடைத்துவிடும். பக்கத்திலேயே ஸ்மூத்திங் என்று ஓர் எண்ணும் இருக்கும். அதைக் கூட்டினால் கோட்டின் மேடு பள்ளம் எல்லாம் மழுங்கிவிடும். முன், பின் இரண்டும் ஒரே டைனோவில், ஒரே திருத்தத்தில், ஒரே ஸ்மூத்திங்கில் இருக்க வேண்டும்.

[திரையில்: ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650]

சென்னையில் தயாராகும் சூப்பர் மீட்டியோர் 650-ம் க்ரூஸர்தான். அதன் உச்ச டார்க் 52.3 நியூட்டன் மீட்டர் வருவது 5650 ஆர்பிஎம்மில். 2500-ஐக் கவனி என்று அந்த வண்டிக்குச் சொன்னால் பொருந்தாது. நீங்கள் வழக்கமாக எந்த கியரில், எந்த வேகத்தில் போகிறீர்கள் என்பதையும், மீட்டரில் ஆர்பிஎம் தெரிந்தால் அதையும் குறித்துக்கொண்டு போய் டியூனரிடம் கொடுங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2016 ஆகஸ்டில், புகை அளவைக் கூட்டும் டியூனர் கருவிகளை விற்றதற்காக ஹார்லி-டேவிட்சன் நிறுவனமே அமெரிக்க அரசுக்கு 1.2 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே கலிஃபோர்னியாவில் விதிகள் இன்னும் இறுக்கம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வாரண்டியும் போகலாம். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றாமல், புகை விதிக்கு உட்பட்ட மேப்பைக் கேளுங்கள். நடுப்பகுதி டார்க்குக்கு அது ஒன்றும் பெரிய தடையில்லை.

போவதற்கு முன் ஆயில், பிளக், பின் டயர், டயர் காற்று எல்லாம் சரியாக இருக்கட்டும். இன்டேக் சீலிலோ எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டிலோ கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கசிவோடு செய்த டியூன் கசிவுக்கான டியூன்.

வண்டியை எடுக்கும்போது பழைய கம்பெனி மேப்பும் புது மேப்பும் கோப்பாக உங்கள் கையில் வர வேண்டும். மேப்பை வண்டியில் ஏற்றும் பவர் விஷன் போன்ற கருவிகள் ஒரு வண்டியோடு பூட்டிக்கொள்ளும், அதனால் கருவியும் உங்களிடமே இருக்கட்டும். முதல் வாரத்தில் மூன்றைக் கவனியுங்கள். சூடான இன்ஜின் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆகிறதா, சிக்னலில் ஐடில் நிலையாக நிற்கிறதா, உயர்ந்த கியரில் மேடு ஏறும்போது டக் டக் என்று உலோகச் சத்தம் வருகிறதா. அந்தச் சத்தம் வந்தால் உடனே த்ராட்டிலைக் குறைத்து, கியரை இறக்கி ஓட்டிப் போய் டியூனரிடம் திரும்ப நிறுத்துங்கள். எந்த ஆர்பிஎம்மில் வந்தது என்று சொன்னால் போதும், எந்தக் கட்டம் என்று அவருக்குத் தெரியும்.